பொட்டு வைத்த பட்டை

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஜோசலின் வேலையை விட்டாள். ஹெலிகாப்டருக்குக் கீழே நீளக் கயிற்றில் இரும்பைத் தொங்கவிட்டு மலைக்கு அனுப்பும் கம்பெனி அது. எந்தச் சுமையை எந்த நைலான் பட்டையால் கட்டித் தூக்கலாம் என்று பள்ளிக்கரணைக் கிடங்கில் ஒன்பது வருஷம் பார்த்துக் கொடுத்தவள் அவள். தையல் பிரிந்த பட்டையில் கருப்புக் கோடு போட்டு, இரண்டாக வெட்டிவிடுவாள். மறுபடி யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே.

முந்தின நாள் கோடு போட்டு ஒதுக்கிய பட்டையை அன்று வெட்டப் போனால், பிரிந்த தையல்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். மேனேஜர் யக்ஞநாராயணன் தடுத்தார்.

"பூஜை போட்ட சாமானை யாராவது வெட்டுவாங்களாம்மா? இன்னும் நாலு ட்ரிப் தாங்கும்."

"குங்குமம் தையலைப் பிடிச்சுக்காது சார். கீழ நிக்கிறவன் தலையில விழும்."

"அப்போ உங்க சர்ச்சுல ஒரு ஜெபம் பண்ணிடேன்."

கிடங்கே சிரித்தது. கத்தியை அவர் மேஜையில் வைத்துவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு பஸ் ஏறினாள். வெட்டாமல் வந்துவிட்டோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது, வீடு சேர்ந்த பிறகுதான்.

இரண்டு வருஷம் கழித்து பைலட் ஷ்யாம்சுந்தரிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, இன்னிக்கு பட்டை அறுந்து லோடு விழுந்துடுச்சு. கீழ நின்னவங்க ஓடித் தப்பிச்சாங்க. பாத்தா, நீங்க போட்ட கருப்புக் கோடு. அதுமேல இந்த வருஷப் பொட்டு."