விறைப்பைத் தளர்த்துகிறவர்

"வெளிய போயிட்டு மறுபடி வாங்க. இந்தத் தடவ பூட்ஸ் சத்தம் கேக்கக் கூடாது" என்கிறார் நர்சக்கா. அண்மையில் பட்டாளத்திலிருந்து விடுபட்டு வந்த அந்த மனிதர் வெளியே போய் மீண்டும் கதவைத் தட்டுகிறார். காலில் இருப்பது ரப்பர் செருப்பு. இருந்தும் சத்தம் கேட்கிறது.

டயர்க் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறை அது. ஒரு மேசை, சில நாற்காலிகள், எந்நேரமும் ரப்பர் வாடை. வேலை தேடும் முன்னாள் சிப்பாய்களை நேர்முகத் தேர்வுக்கும், அதைவிடக் கடினமான வீட்டு வாழ்க்கைக்கும் இங்கேதான் நர்சக்கா பழக்குகிறார். ராணுவ மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் குட்டை, குரல் அப்படியல்ல. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

"உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"இடது முழங்கால்க்கா."

அக்கா சிரிப்பதில்லை. "அத டாக்டர்கிட்ட சொல்லுங்க. முதலாளிக்கு வேற ஏதாச்சும் யோசிப்போம்."

மனைவிமாரையும் வரவழைப்பார். "வந்தவர விருந்தாளி மாதிரி உக்கார வெச்சு வேடிக்க பாக்காதீங்க. குழாய் ஒழுகுதா, அவர்கிட்ட சொல்லுங்க. சண்ட வருதா, போடுங்க."

ராணுவ லாரி ஓட்டிய ஒருவருக்கு அக்கா பள்ளிப் பேருந்தில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே, சாலையில் கிடந்த சாக்கு மூட்டையைக் கண்டு அவர் பேருந்தை நிறுத்திவிட்டார். வண்டியை நகர்த்தவுமில்லை, பிள்ளைகளை இறங்க விடவுமில்லை. அவர் முன்பு லாரி ஓட்டிய சாலைகளில் அப்படிப்பட்ட மூட்டைகள் வெடித்திருக்கின்றன. அந்தக் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர்களில் அக்காவும் ஒருவர். பள்ளிக்கூடம் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

அக்கா மேலாளர் முன் போய் நின்றார். "பிள்ளைங்களக் காப்பாத்தணும்னுதான் நிறுத்தினாரு. எந்த ஊர்ல இருக்கோம்ங்கறதுதான் ஒரு நிமிஷம் மறந்துபோச்சு. காலி வண்டிய கொஞ்ச நாள் ஓட்டட்டும். நான் கூடவே உக்காந்து வரேன்."

மேலாளர் சம்மதித்தார். அக்காவைப் பற்றி எழுத வந்திருந்த நானும் ஒரு காலையில் அந்தக் காலி வண்டியில் போனேன். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அக்கா, பக்கவாட்டு இருக்கையில் நான். சந்தையைத் தாண்டியதும் வண்டி நின்றது. நடுச்சாலையில் ஒரு மூட்டை. பின்னால் ஹாரன்கள். ஓட்டுநரின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"மேல ஏத்திட்டுப் போன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லல. கதவத் திறங்க."

"வேணாம்க்கா."

"திறங்க தம்பி."

அக்கா இறங்கி நடந்தார். மூட்டையருகே குந்தி, கட்டை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தையற்கடையில் கழித்துப் போட்ட வெட்டுத் துணிகள். ஒரு பிடி எடுத்து ஓட்டுநருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். மூட்டையை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வந்து ஏறினார்.

"போலாம்."

வண்டி நகர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன், அக்காவின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநருக்கு மேலிருந்த கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.