வலிக்காத கல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் கம்பெனியில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். வருடா வருடம் உடம்புப் பரிசோதனை உண்டு. எடை, பிரஷர், கண், மார்பு எக்ஸ்ரே, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் வயிற்று ஸ்கேனையும் சேர்த்தார்கள்.

ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு என்றுதான் நினைத்திருந்தோம். பக்கத்து ஊரான பாடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு கம்பெனி வேனில் போனோம். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள்.

"அடக்கறது நமக்கு இன்னா புச்சா? தெனம் அத்த தானே பண்ணிகினு கீறோம்" என்றாள் என் பக்கத்து மெஷின்காரி. பெஞ்சே சிரித்தது.

உண்மைதான். எங்கள் ஷெட்டில் பெண்களுக்கு இருந்த ஒரே கக்கூஸ், ஆண்கள் டீ குடிக்க நிற்கும் இடத்தைத் தாண்டி இருந்தது. தாழ்ப்பாளும் கிடையாது. காலையில் வீட்டில் குடிக்கிற காபியோடு சரி. சாயங்காலம் வரை தண்ணீரைத் தொடமாட்டோம்.

டாக்டரம்மா கருவியை என் இடது விலாவுக்குக் கீழே வைத்ததும் நிதானித்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார்.

"இங்க வலி இருக்கா?"

"இல்லீங்கம்மா. நல்லாத்தான் கீறேன்."

"சிறுநீர்க் குழாய்ல கல்லு அடைச்சிருக்கு. கிட்னி வீங்கியிருக்கு. இப்படியே விட்டா அது கெட்டுடும். ஆபரேசன் பண்ணிக் கல்லை எடுக்கணும்." திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "தண்ணி எவ்வளவு குடிப்பே?"

மறைக்காமல் சொன்னேன். கக்கூஸ் கதையையும் சொன்னேன்.

வீட்டில் என் கணவர் நம்பவில்லை. "வலியே இல்லாத கல்லுக்கு எதுக்கு ஆபரேசன்? காசு புடுங்கறாங்க."

"நானே பாத்தேன்யா. வெள்ளையா உள்ள குந்திகினு கீது. நீ வர்லன்னாலும் நான் போறேன்."

அவரும் வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் கல்லை அறுத்து எடுத்தார்கள். கிட்னி தப்பித்தது.

வேலைக்குத் திரும்பிய அன்றே பக்கத்து மெஷின்காரியைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"உடம்பு தேவலையாம்மா?" என்றார்.

"தேவல சார். மத்தவங்களுக்கும் இது வராம இருக்கணும்னா, எங்களுக்குத் தாப்பா போட்ட கக்கூஸ் ஓணும். ஆம்பளைங்க நிக்காத பக்கம் கட்டணும். போய்வர நேரமும் குடுக்கணும்."

மேனேஜருக்குக் கூச்சம். மேசையைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றார்.

"எப்ப சார் பாப்பீங்க?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். பின்பக்கச் சுவரை ஒட்டி இரண்டு கக்கூஸ் எழும்பின. கேட்டால் கிடைக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தைரியம் வந்தது. பிறகு ஷெட்டுக்கு மின்விசிறி கேட்டோம், கேன்டீனில் உட்கார பெஞ்சு கேட்டோம். பெஞ்சு மட்டும் வந்தது. மின்விசிறிக்காக விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தோம்.