எல்வா டாங்கினும் நாய் வாயும்

எல்வா டாங்கின் சமைத்த சாப்பாட்டைக் குறை சொன்னவர்கள் உண்டு. பிழைத்தும் இருக்கிறார்கள். நாயைப் பற்றி அசட்டுத்தனமாகப் பேசியவர்களுக்குத்தான் அன்றைக்குச் சோறு தண்ணி கிடையாது.

முப்பத்தோரு வருஷமாக டார்லிங் ஆற்றுக்கு மேற்கே, கம்பளி வெட்டும் கூட்டங்களோடு பண்ணை பண்ணையாகப் போய்ச் சமைக்கிறாள். கம்பளிக் கொட்டகைச் சமையல்காரி என்றாலே கோபக்காரி என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. காலையில் ஆட்டு விலா பொரியல், ஒன்பதரைக்கு ஸ்கோன் ரொட்டி, பன்னிரண்டுக்கு மறுபடி ஆடு, மூன்றுக்குக் கேக், ஆறரைக்கு இன்னும் ஒருமுறை அதே ஆடு என்று பத்து ஆண்களுக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆனால் எல்வாவின் கோபம் அடுப்பங்கரையில் பிறந்ததல்ல. ஒரு நாயின் வாய்க்குள், மேல் அண்ணத்தில், இரண்டு பெரிய பற்களுக்கு நடுவே பிறந்தது.

அந்த நாயின் பெயர் டட்லி. எல்வாவுக்கு அப்போது மெர்வ் என்றொரு கணவன் இருந்தான். காற்றாலை பழுது பார்க்கிறவன், நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள். நரிமருந்து போடும் மாசம் அது. விஷம் தோய்த்த கறித்துண்டுகளை நரிகளுக்காக வேலியோரம் புதைத்து வைப்பார்கள். நரி தின்றால் நல்லது, நாய் தின்றால் போச்சு. மாட்டு டாக்டர் இருக்கும் ஊர் இரண்டரை மணி நேரம், நாய்க்கு மிஞ்சியிருப்பதோ அதைவிடக் குறைவு. ஒரு நாள் டட்லி வாயில் நுரை தள்ள, முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்து நின்றான். மெர்வ் ஒரு நிமிஷம் பார்த்தான், உள்ளே போனான், துப்பாக்கியோடு வந்தான்.

அழுதுகொண்டேதான் சுட்டான். இதைச் சொல்லாவிட்டால் மெர்வ் என்னைச் சும்மா விடமாட்டான்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. மருந்து தின்ற நாயை அதன் சொந்தக்காரனே சுட வேண்டும். அடுத்தவனிடம் துப்பாக்கியைக் கொடுப்பவன் ஆம்பிளை இல்லை. சுட்டு முடித்ததும் தொப்பியைக் கழற்றி நிற்பான், பக்கத்தில் இருப்பவன் தோளில் கை வைப்பான், அன்று சாயந்திரம் பப்பில் அவன் குடிக்கும் பியருக்கு அவனிடம் யாரும் காசு கேட்கமாட்டார்கள். இவ்வளவு மரியாதை ஒரு காரியத்துக்குக் கிடைக்கும்போது அதைச் செய்யக் கை கொஞ்சம் முந்தத்தானே செய்யும்? நான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்ல வேண்டியதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

டட்லியைப் புதைக்கும்போது நாக்கு வெளியே தொங்கியது. அப்படியே மண் போட எல்வாவுக்கு மனசு வரவில்லை. நாக்கை உள்ளே தள்ள விரலை விட்டாள். மேலே ஏதோ குறுக்கே தட்டியது. ஆட்டு விலாவெலும்புத் துண்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி, இந்தப் பக்கப் பல்லுக்கும் அந்தப் பக்கப் பல்லுக்கும் இடையே கச்சிதமாகச் சிக்கியிருந்தது. விஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கரண்டிக் காம்பால் நெம்பியிருந்தால் அரை நிமிஷ வேலை.

எலும்பை எடுத்துக்கொண்டுபோய் மெர்விடம் காட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மருந்தும் தின்னிருக்கலாம்ல?"

சுட்டதற்காக அவனை விட்டு அவள் வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காக வந்தாள். மெர்வ் ஊரெல்லாம் "ஒரு நாய்க்காகப் போயிட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். ஊரும் ஆமாம் போடுகிறது.

அதன்பிறகு அவள் படித்தது நாய் வாய். நகரத்து மாட்டு டாக்டரிடம் போய் நின்று, கேள்வி கேட்டு, அவர் உயிரை வாங்கி, கடைசியில் ஒரு நாயின் மண்டையோட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அது இன்றைக்கும் அவள் சமைக்கிற இடத்திலெல்லாம் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதிதாகக் கம்பளி வெட்ட வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வதில்லை. நாய்க்கு நாற்பத்திரண்டு பல், மேல் அண்ணத்தில் தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடு, கறியை வெட்டும் பெரிய பல் இருக்கும் இடத்தில்தான் எலும்பு சிக்கும். அங்கே சிக்கினால் நாக்கால் எடுக்க முடியாது. நாக்கு தள்ளத் தள்ள எலும்பு மேலேதான் இறுகும். தண்ணீர் குடிக்கிற நாய் நாக்கைப் பின்பக்கமாக மடித்துத்தான் அள்ளுகிறது, அள்ளின தண்ணீர் எலும்பில் மோதி வழிகிறது. அதைத்தான் நம்மூர் மேதைகள் நுரை தள்ளுகிறது என்கிறார்கள்.

அவள் போகிற கொட்டகையிலெல்லாம் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும்: "துப்பாக்கியைத் தூக்கும் முன் வாயைத் திற."

"இது நாய்க்கா, எங்களுக்கா தாயே?" என்று ஒருவன் கேட்பான்.

"உனக்குத் திறந்த வாய் மூடினதே இல்லையேடா. உட்காரு."

அட்டைக்கு இரண்டாவது சட்டமும் உண்டு, வாயால் மட்டும் சொல்வாள்: என் சமையலறை எலும்பு ஒன்றுகூட எந்த நாய்க்கும் போகக் கூடாது. பொரித்த எலும்பு எல்லாம் அவளே அடுப்பில் போட்டுக் கரியாக்கிவிடுவாள்.

போன மார்ச்சில் வில்காரி பண்ணை. முதலாளி டங்கன் ஹேசல். ஐம்பது வயது, அதிகம் பேசாதவன், நாயைத் தவிர வேறு எதையும் கொஞ்சினதாகத் தகவல் இல்லை. பிக்ஸி என்ற பெட்டை நாய், ஆடு மேய்க்கும் கெல்பி சாதி, அவனுடைய உயிர். பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் இரண்டு நாள் முன்புதான் நரிமருந்து வைத்திருந்தார்கள். அதனால் பண்ணையில் எல்லா நாய்க்கும் வாய்க்கூடு. தண்ணீர் காட்ட மட்டும் கழற்றுவார்கள், உடனே மாட்டுவார்கள். ஏனென்றால் நரிக்கு வைத்ததைக் காக்கை தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போடும். காக்கைக்கு ஒன்றும் ஆகாது. காக்கைக்கு இந்த ஊரில் என்றைக்குமே ஒன்றும் ஆனதில்லை.

ஒன்பதரைத் தேநீர் இடைவேளை முடியும் தறுவாயில் டங்கன் தண்ணீர்த் தொட்டியருகே பிக்ஸியின் வாய்க்கூட்டைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்து வண்டியிலிருந்த வயர்லெஸ்ஸில் யாரோ கூப்பிட, வண்டிக்குப் போய்ப் பத்து நிமிஷம் பேசினான். திரும்பி வந்தபோது பிக்ஸி கொட்டகைக்கு அடியில் இருந்து வெளியே பாய்ந்து, வட்டமடித்து ஓடி, விழுந்து, முகத்தைப் புழுதியில் தேய்த்தாள். தாடை முழுக்க எச்சில்.

"மருந்து," என்றான் ஒருவன்.

அந்தச் சொல் விழுந்ததும் கத்தரி எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பத்துப் பேரும் கொட்டகைப் படியில் வந்து நின்றார்கள். தொப்பிகள் அப்போதே கைக்கு வந்துவிட்டன. நாய் இன்னும் உயிரோடு இருக்கிறது ஐயா, அதற்குள் என்ன அவசரம்?

டங்கன் வண்டிக் கதவைத் திறந்தான். துப்பாக்கியை எடுத்தான்.

எல்வா பாத்திரம் கழுவும் இளஞ்சிவப்பு ரப்பர் கையுறையோடு சமையலறையிலிருந்து வந்தாள். ஓடவில்லை. ஓடினால் நாய் இன்னும் மிரளும். நேராகப் போய் நாய்க்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்றாள்.

"நகரு எல்வா."

"வாயைப் பாத்தியா?"

"பாக்க நேரமில்ல. அவ துடிக்கறா. நகரு."

"நேரமில்லயா? வண்டி வரைக்கும் போய்ட்டு வர நேரமிருந்துச்சு."

கூட்டத்தின் ஒப்பந்தக்காரன் காலின், எல்வாவை வேலைக்கு வைத்தவன், படியிலிருந்தே கெஞ்சினான்: "எல்வா, அந்த நுரை கையில பட்டா நீயும் போவ. அவன் நாய், அவன் பாத்துப்பான். அவன் மனசு என்ன பாடுபடுதுன்னு பாரு."

"அவன் மனச அப்புறம் பாக்கறேன். மொதல்ல நாய் வாயப் பாக்கறேன். காலின், நீ வந்து இடுப்பப் புடி."

காலின் வரவில்லை. யாரும் வரவில்லை. பத்து ஆண்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடுகளைக் கால்களுக்கு இடையே இறுக்கிப் பிடித்துக் கம்பளி வெட்டுகிறவர்கள். பதினைந்து கிலோ நாயைப் பிடிக்க ஒருத்தனுக்குக் கை வரவில்லை.

"டங்கன், கேளு," என்றாள் எல்வா, குரலைத் தாழ்த்தி. "மருந்து தின்ன நாய்க்குத் தன் மூஞ்சி ஞாபகமே இருக்காது. கண்ணு தெரியாம ஓடும், கத்தும். இவளப் பாரு. ரெண்டு முன்னங்காலும் வாய்க்கிட்டயே இருக்கு. வாய்க்குள்ள என்னமோ இருக்குன்னு அவ சொல்லிட்டே இருக்கா. உனக்குத்தான் காது கேக்கல."

"நீ சொல்றது தப்பா இருந்தா? அரை மணி நேரம் அவ வலிப்புல கெடக்கறத நான் பாக்கணுமா?"

"நான் சொல்றது சரியா இருந்தா?"

டங்கன் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. எல்வா திரும்பி அவனுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டாள். சுடுவதென்றால் இனி அவளைத் தாண்டித்தான். இடது கையை பிக்ஸியின் மூக்குக்கு மேலே வளைத்துப் போட்டு, மேலுதட்டை இரண்டு பக்கமும் பல்லுக்கு அடியில் மடக்கி அழுத்தினாள். கடித்தால் தன் உதட்டையே கடிக்க வேண்டும் என்று நாய்க்குப் புரியும். புரிய வேண்டும். பிக்ஸிக்குப் புரியவில்லை. உதறினாள், கையுறை கிழிந்தது, கட்டைவிரலின் அடிச்சதையில் ரத்தம் குபுக்கென்று வந்தது.

"புடிடா!" என்று எல்வா கத்தினாள். அந்தக் கத்தல் கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "உன் நாய்தானேடா? சுடறதுக்கு உன் நாய், புடிக்கறதுக்கு யார் நாய்?"

அப்போதுதான் டங்கன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். நாயின் பின்னால் உட்கார்ந்து முழங்காலுக்கு இடையே இறுக்கினான். எல்வா கீழ்த்தாடையை இழுத்தாள், நாக்கை ஓரமாக ஒதுக்கினாள், அண்ணத்தின் வரிகளில் விரலை ஓட்டினாள். நாலாவது வரி, ஐந்தாவது, அதற்கும் பின்னால். அங்கே நின்றது விரல்.

ஏப்ரன் பையிலிருந்த கரண்டியின் காம்பை விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். ஒரு சின்னச் சத்தம். விரல்நீள விலாவெலும்பு புழுதியில் விழுந்தது.

பிக்ஸி எழுந்து, ஒரு தும்மல் போட்டு, தொட்டிக்குப் போய் ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தாள். நாக்கு தண்ணீரை அள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு படியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டினதுதான் தப்பாகப் போனது.

எல்வா எலும்பை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இது காலைல நான் பொரிச்ச விலா. யார் குடுத்தது?"

மூன்றாம் நம்பர் மேடையில் கம்பளி வெட்டுகிற டார்சி தரையைப் பார்த்தான். அந்தப் பருவத்தில் அதிக ஆடுகளுக்குக் கம்பளி வெட்டினவன், பாரில் அதிகம் கத்துகிறவன். "பிக்ஸி பாவமா பாத்தா, எல்வா... காலைல தட்டுலருந்து எடுத்து வச்ச ஒரே ஒரு எலும்பு. வாய்க்கூடு கழட்டி இருந்துச்சேன்னு..."

"அவன் துப்பாக்கி எடுத்தப்ப நீ இங்கதான் நின்ன?"

"ம்."

"அவ வாயில எலும்பு இருந்துச்சு. உன் வாயில என்னடா இருந்துச்சு?"

டார்சி அப்போதே சொல்லியிருந்தால் நரிமருந்து மாசத்தில் நாய்க்குத் தீனி போட்டவன் என்று கூட்டத்திலிருந்து நீக்கியிருப்பார்கள். அதற்குப் பயந்து ஒரு நாயைச் சுட விட்டுப் பார்த்துக்கொண்டு, தொப்பியை மார்பில் வைத்து நின்றான். தொப்பி வைத்த அழகைப் பார்த்தால் சொந்த அண்ணன் செத்த மாதிரி.

டங்கன் நன்றி சொல்ல வாயெடுத்தான். எல்வா விடவில்லை. கையில் ரத்தம் சொட்ட அவன் முன்னால் போய் நின்றாள்.

"இந்தப் பண்ணைல இதுவரைக்கும் எத்தன நாயச் சுட்டிருக்க?"

"எல்வா, போதும்," என்றான் காலின்.

"அவன் சொல்லட்டும்."

டங்கன் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். "ஆறு."

"எத்தன வாயத் தொறந்து பாத்த?"

அவன் துப்பாக்கியை எடுத்து வண்டியில் வைத்தான். பிக்ஸியைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தான். வண்டி போனது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. மேஜை நடுவில் மண்டையோடு இருந்தது. எலும்பு எங்கே சிக்கும் என்று விரல் வைத்துக் காட்டினவனுக்குத்தான் தட்டு என்றாள், கட்டுப் போட்ட கையோடு. பத்துப் பேரும் வரிசையில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாகக் காட்டினார்கள். டார்சி இரண்டு தடவை தப்பாகக் காட்டினான். அவனுக்கு ஆறிப்போன கிழங்குதான் கிடைத்தது.

இந்தப் பிப்ரவரியில் காலின் தொலைபேசியில் கூப்பிட்டான். அடுத்த மாசம் வில்காரிக்கு வேறு சமையல்காரியைக் கேட்டிருக்கிறார்களாம்.

"ஏனாம்?"

"போன தடவை உப்பு அதிகமாம்."

உப்பாம். டங்கன் சாப்பிடுவது அவன் வீட்டில், அவன் மனைவி கையால். கொட்டகைச் சமையலின் உப்பு அவன் நாக்குக்கு எப்படிப் போனதென்று எனக்கு யாராவது விளக்கினால் தேவலை. ஆறு என்ற எண்ணை வாயால் சொல்ல வைத்தவளை எதிரே பார்க்க முடியவில்லை என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கூச்சமா?

"பிக்ஸி எப்படி இருக்கா?" என்றாள் எல்வா.

"ஜோரா இருக்கா. குட்டி போட்டிருக்கா." காலின் தயங்கினான். "டங்கனோட இன்னொரு நாய், கிழவன் ஜோக் இருந்தானே, அவன்தான் ஆகஸ்ட்ல போய்ட்டான். மருந்து தின்னுட்டான்."

"வாயைப் பாத்தானா டங்கன்?"

"பாத்தான். டார்ச் அடிச்சு, விரல விட்டு, ரெண்டு தடவ பாத்தானாம். உள்ள ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் சுட்டான். அப்ப அங்க வேலைக்கு வந்திருந்த டார்சிதான் கால புடிச்சுக்கிட்டானாம்."

மறுமுனையில் பாத்திரம் ஒன்று பலமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எல்வா? இருக்கியா?"

"இருக்கேன். பாக்க வேண்டியத பாத்ததுக்கு நான் அவனுக்கு மாலை போடணுமா? வை போனை."