பெயரில்லாத பட்டன்

டெல்ஃபீன் குஸ்மிக் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பே சிட்டி ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உயிர் தங்கட்டும் என்று ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். உயிர் தங்கியது, கண் போயிற்று. அந்தக் காலத்துக் குறைமாதக் குழந்தைகள் பலருக்கும் நேர்ந்ததுதான். இதைச் சொல்லி அவள் யாரிடமும் இரக்கம் வாங்கியதில்லை. யாராவது தாமாக இரக்கப்பட வந்தாலும் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவாள்.

படிப்பு முடிந்ததும் அதே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எக்ஸ்ரே பிலிம் கழுவும் இருட்டறையில். பார்வையுள்ளவர்கள் உள்ளே வந்தால் மேஜையில் இடித்துக்கொண்டு அம்மா என்பார்கள். டெல்ஃபீனுக்கு அது சொந்த வீட்டுச் சமையலறை மாதிரி. எந்தத் தொட்டியில் எந்த மருந்து, எந்தக் கொக்கியில் யாருடைய விலா எலும்பு, எல்லாம் விரலுக்குத் தெரியும். இருபத்தொன்பது வருஷம் ஒரு படத்தைக்கூட அவள் கெடுத்ததில்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பிலிம் போயிற்று. இருட்டறைக்கு விளக்கு மாட்டிச் சக்கர நாற்காலிகளை அடுக்கினார்கள். அவளுக்கு ஒரு கேக் வெட்டி, கைதட்டி, அனுப்பிவைத்தார்கள்.

அதன் பிறகுதான் ஆறு புள்ளி வானொலி.

விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தின் ஆறு புள்ளிகளை வைத்துப் பெயரிட்ட அது, இணையத்தில் மட்டும் ஒலிக்கும் சின்ன நிலையம். நடத்துபவர்கள், நிகழ்ச்சி தருபவர்கள், அனேகமாகக் கேட்பவர்களும் பார்வையில்லாதவர்கள். தலைவர் கார்னெட் என்பவர் சஸ்காட்செவனில் ஒரு கோதுமை ஊரில் இருந்தார். டெல்ஃபீனுக்குச் சனிக்கிழமை காலை பதினொரு மணி. அப்பா சேர்த்துவைத்திருந்த போல்கா நடன இசைத்தட்டுகள் அறுநூற்றுச் சொச்சம் வீட்டில் இருந்தன. ஒவ்வொன்றின் உறையிலும் பிரெயிலில் பெயர் ஒட்டியிருந்தாள். ஒன்பது வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. ஐம்பது பேர் கேட்பார்கள். அவர்களில் முப்பது பேரின் பேரப்பிள்ளைகளைக்கூட அவளுக்குத் தெரியும்.

அவள் கம்ப்யூட்டரில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு குரல் உண்டு. அவள் டேப் விசையைத் தட்டத் தட்ட அது ஒவ்வொன்றாகச் சொல்லும்: ஒலி அளவு. மைக். ஒலிபரப்பைத் தொடங்கு. தொடங்கியதும் "ஒலிபரப்பு தொடங்கியது" என்று உறுதியும் சொல்லும். இவ்வளவுதான் தேவை.

ஒரு செப்டம்பரில், நிலையத்தின் ஒலிபரப்பைச் சுமந்து செல்லும் கம்பெனி தன் பக்கத்தை மாற்றி அழகாக்கியது. புதிய தோற்றம், புதிய அனுபவம் என்று கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை டெல்ஃபீன் ஹெட்ஃபோனை மாட்டி, டேப் விசையைத் தட்டினாள்.

"பட்டன்" என்றது குரல்.

இன்னொரு தட்டு. "பட்டன்." இன்னொன்று. "பட்டன்." அடுத்தது, "பெயரில்லாத படம்." அதற்கு அடுத்தது, மறுபடியும், "பட்டன்."

பதினொரு மணி ஆகி, பத்து நிமிஷமும் ஆயிற்று. கடைசியில் அவள் கணவன் நார்பர்ட் கொல்லைப்புறத்திலிருந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, மவுஸைப் பிடித்து ஒரே ஒரு தட்டுத் தட்டினான்.

"இதோ இருக்கு, பச்சையா, வட்டமா. ஒரு தட்டு. இதுக்கா இவ்வளவு நேரம்?"

அவன் கெட்டவன் இல்லை. சர்க்கரை ஆலையில் முப்பத்தைந்து வருஷம் கொதிகலன் பார்த்தவன். சத்தமாகப் பேசுவான், சத்தமாகச் சிரிப்பான், கேட்காமலே உதவுவான். அந்தக் கேட்காமலே உதவுவதுதான் டெல்ஃபீனுக்குத் தொண்டையில் முள்.

கம்பெனிக்கு எழுதினாள். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. கார்னெட்டும் எழுதினார், அதே பதில்தான். கார்னெட்டின் நிலையத்தில் பாதிப் பேர் இப்போது மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் நிகழ்ச்சி தொடங்கினார்கள். இரண்டு பேர் அலுத்துப்போய் விட்டேவிட்டார்கள்.

எட்டு வாரம் நார்பர்ட் பட்டனைத் தட்டினான். எட்டாவது வாரம், வெள்ளிக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து. பக்கத்து மேஜையில் அவன் குரல் கேட்டது.

"இப்ப நாந்தான் அங்க என்ஜினியர். நான் கை வைக்கலேன்னா போல்கா இல்ல, தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். டெல்ஃபீன் தட்டிலிருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். காரில் வரும்போது சொன்னாள்:

"வர்ற வாரம் நீ மான் வேட்டைக்குக் கெளம்பு. நானே பாத்துக்குவேன்."

"டெல், நான் சனிக்கிழமை முடிஞ்சு போறேனே. அண்ணன் தம்பிங்க முன்னாடியே போயி குடிசையைச் சூடு பண்ணி வைக்கட்டும்."

"நாப்பது வருஷமா வேட்டை தொடங்கற மொத நாளே போறவன். இப்ப மட்டும் என்ன? எனக்காகத் தங்குனேன்னு அங்கயும் போயி சொல்றதுக்கா?"

அவனுக்குப் புரியவில்லை. "நான் என்ன தப்பா சொன்னேன்?" என்றான். அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். சர்க்கரை ஆலையில் பீட்கிழங்கு வேகும் நாற்றம் உள்ளே வந்தது. அப்படியும் கண்ணாடியை ஏற்றவில்லை.

அடுத்த வாரம் முழுக்க ஒத்திகை. பக்கம் திறந்ததிலிருந்து எண்ணினால் அறுபத்தோராவது தட்டில் பச்சைப் பட்டன் வருகிறது என்று நார்பர்ட் பார்த்துச் சொன்னான். வியாழக்கிழமை யாருக்கும் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் தனியாகத் தட்டிப் பார்த்தாள். தொடங்கியதா இல்லையா என்று புதிய பக்கம் சொல்லாது. பச்சை சிவப்பாகுமாம், அவ்வளவுதான். ஆகவே சமையலறையில் இருக்கும், வாயால் சொன்னால் பாட்டுப் போடும் பேசும் பெட்டியில் நிலையத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அரை நிமிஷம் கழித்து அவள் இருமல் அதில் கேட்டது. அன்று சாயங்காலம் அவள் முட்டைக்கோஸ் நறுக்கியபோது கத்தி தாளம் போட்டது. மறுநாள் நார்பர்ட் துப்பாக்கியும் கம்பளிக் காலுறைகளுமாக வடக்கே கிளம்பினான்.

சனிக்கிழமை பத்து ஐம்பத்தைந்து. அறுபத்தொன்று எண்ணி அழுத்தினாள். காத்திருந்தாள். சமையலறைப் பெட்டியில் நிலையத்தின் பொதுப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி எண்ணினாள். அதே பாட்டு. அவளுக்குத் தெரியாதது ஒன்று: அன்று காலை திரையின் நடுவில் "புதிய வசதிகள் இதோ" என்று ஒரு பெட்டி முளைத்திருந்தது. அதில் ஐந்து பட்டன்கள். எண்ணிக்கை எல்லாம் புரண்டுவிட்டது.

பேசும் பெட்டியில் அந்த மென்மையான பியானோவைக் கேட்கக் கேட்க அவளுக்கு எரிந்தது. வாயை மூடு என்று சொல்லி அதை அணைத்தாள். பிறகு கண்ட கண்ட பட்டனை எல்லாம் அழுத்தினாள். அழுத்திக்கொண்டே கம்பெனியின் உதவி எண்ணைச் சுற்றி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். கைகள் விசைப்பலகையில் இருக்க வேண்டுமே. நாலாவது நிமிஷம் ஒரு ஆள் வந்தார்.

"வணக்கம், நான் டிரெவர். என்ன உதவி வேணும் மேடம்?"

"ஒலிபரப்பைத் தொடங்கற பட்டன் எங்க?"

"ரொம்ப சுலபம் மேடம். வலது பக்கம் மேல பச்சையா ஒண்ணு தெரியுதுங்களா?"

"எனக்குக் கண்ணு தெரியாது. உங்க பக்கத்துல எல்லாப் பட்டனும் பட்டன்னுதான் சொல்லுது. பேரு இல்ல."

"ஓகே மேடம். பக்கத்துல யாராவது பாக்கறவங்க இருக்காங்களா?"

"இல்ல."

"வீட்டுக்காரர்?"

"மான் சுடப் போயிருக்காரு."

"அவர் வந்ததும் கூப்பிடறீங்களா?"

டெல்ஃபீன் ஒரு மூச்சு எடுத்தாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"டிரெவர், உங்க மேல கோவம் இல்ல, ஆனா கேளுங்க. இருபத்தொன்பது வருஷம் இருட்டுல நின்னு இந்த ஊரு நெஞ்சை எல்லாம் படம் கழுவிக் குடுத்திருக்கேன். டாக்டருங்க என் கையை நம்பித்தான் கத்தி எடுத்தாங்க. இன்னைக்கு ஒரு பட்டன் அழுத்த என் புருஷன் வேணுமா? அவன் ஒரு தட்டு தட்டிட்டு ஊரு பூரா என்ஜினியர்னு பேரு வாங்கறான். நான் அறுநூறு தட்டுக்குப் பேரு ஒட்டி வச்சிருக்கேன். உங்க கம்பெனியால ஒரு பட்டனுக்குப் பேரு வைக்க முடியல. நாய்க்குட்டிக்குக்கூட வைக்கறாங்கய்யா."

அதோடு நிற்கவில்லை. அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர்களின் குலம் கோத்திரத்தை எல்லாம் திட்ட அவள் தன் வீட்டுப் போலிஷ் மொழிக்கு மாறிக்கொண்டாள். அம்மா அடுப்பு புகையும்போது மட்டும் உதிர்த்த வசவுகள், ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. டிரெவர் நடுநடுவே "புரியுது மேடம்" என்றார். பாவம், ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

இதற்கிடையில் அவளுடைய இன்னொரு போன் விடாமல் ஒலித்து, "கார்னெட், கார்னெட்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று தரம் வெட்டினாள். நாலாவது தரம் எடுத்தாள்.

"என்ன கார்னெட், நான் இங்க பாடுபட்டுக்கிட்டு இருக்கேன்."

"டெல்ஃபீன், பேசாதீங்க. இல்ல, பரவால்ல, பேசுங்க. நீங்க பன்னெண்டு நிமிஷமா ஒலிபரப்புல இருக்கீங்க."

கண்டபடி அழுத்தியதில் ஏதோ ஒன்று அந்தப் பச்சைப் பட்டனாக இருந்திருக்கிறது. அது சிவப்பானது. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"டிரெவர்?"

"டிரெவரும்தான். நல்லாத் தெளிவாக் கேக்குது."

"நீங்க ஏன் வெட்டிவிடல?"

"வெட்டியிருக்கலாம்" என்றார் கார்னெட். "கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அவள் டிரெவரின் அழைப்பைத் துண்டித்தாள். ஒரு இசைத்தட்டை வைத்தாள், பிறகு இன்னொன்று. அந்த மணி நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் முந்நூறு பேர் சேர்ந்திருந்தார்கள் என்று கார்னெட் பிறகு சொன்னார். அவளுக்குப் பெருமையாக இல்லை. உள்பாவாடையோடு தெருவில் நின்றதுபோல இருந்தது. ஒன்பது வருஷம் அவள் கவனமாகக் கட்டிய குரல் அன்று உடைந்துவிட்டது. சனிக்கிழமையின் சந்தோஷக் குரல் என்று கேட்பவர்கள் எழுதுவார்கள்.

அதன் ஒலிப்பதிவு பார்வையில்லாதவர்களின் குழுக்களில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒருவர் அழுதேன் என்று எழுதினார். ஒருவர், அந்தப் போலிஷ் பகுதிக்கு அர்த்தம் வேண்டும் என்று கேட்டார். அவள் யாருக்கும் பதில் போடவில்லை.

புதன்கிழமை நார்பர்ட் மானில்லாமல் வந்தான். பூட்ஸைக் கழற்றி வைத்தான். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது, ஆனால் அவன் சத்தம் வரவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கேட்டியா?"

"ஒவ்வொரு வருஷமும் குடிசையில உன் நிகழ்ச்சியைப் போடுவேன்ல. அண்ணன் தம்பிங்க எல்லாரும் கேட்டாங்க."

"சிரிச்சாங்களா?"

"மொதல்ல சிரிச்சாங்க. என்ஜினியர்னு நீ சொன்னதும் எட்டி எம்மூஞ்சியைப் பாத்தாங்க. அப்புறம் யாரும் சிரிக்கல." காலுறையை உருவியபடி, "அதை நீ எங்கிட்டயே சொல்லியிருக்கலாம், டெல்" என்றான்.

"சொன்னேனே. காருல."

"அது சொன்னதா?"

அவள் யோசித்தாள். "இல்லதான்" என்றாள்.

கம்பெனியிலிருந்து டிசம்பரில் போன் வந்தது. கேண்டிஸ் என்ற பெண், தேன் தடவிய குரல்.

"உங்க கதை எங்க குழுவை ரொம்ப நெகிழ வச்சிருச்சுங்க. எங்க ஆண்டுக் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் வந்து பேசறீங்களா?"

"எதுக்கு? பட்டனுக்குப் பேரு வச்சாச்சா?"

"அது எங்க திட்டத்துல இருக்குங்க."

"வச்சதும் கூப்பிடுங்க. வந்து நன்றி சொல்றேன்."

மார்ச் மாதம், தவக்கால நடுவில், ஒரு சனிக்கிழமை குரல் புதிதாக ஒன்று சொன்னது. டெல்ஃபீன் இரண்டு தரம் கேட்டாள், தப்பாகக் கேட்டோமோ என்று. இல்லை. அது சொன்னது: "பச்சை பட்டன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் மேஜையை ஓங்கி அடித்தாள். உள்ளங்கை இரண்டு நாள் வலித்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டால் அதே டிரெவர்.

"டிரெவர், பச்சைன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

அவருக்கு உடனே ஆள் தெரிந்துவிட்டது. "மேடம், நான் அன்னைக்கே எழுதிக் குடுத்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதினேன். மேல யாரோ..." நிறுத்திக்கொண்டார். "மறுபடி எழுதறேன்."

எழுதினாரோ என்னவோ, ஜூனில் அது "ஒலிபரப்பைத் தொடங்கு" என்று மாறிற்று. ஆனால் தொடங்கியதா என்பதை இன்றுவரை அது சொல்வதில்லை. கார்னெட் வேறு கம்பெனி தேடினார். ஒன்றில் பட்டன்கள் எல்லாம் பேசின, ஆனால் கேட்பவர்களின் பக்கத்தில் நிலையத்தின் பெயரே குரல் படிக்க முடியாத படமாக இருந்தது. இன்னொன்றில் எல்லாமே சரி, ஆறே மாதத்தில் அதை யாரோ வாங்கி அழகாக்கப் போவதாகச் செய்தி. கடைசியில் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

டெல்ஃபீன் திங்கள்கிழமை தோறும் கம்பெனிக்கு ஒரு கடிதம் அனுப்புகிறாள். ஒரே கடிதம்தான், தேதி மட்டும் மாறும். எழுபத்து மூன்றாவது போய்விட்டது. நார்பர்ட் அதற்குப் பிறகு மவுஸைத் தொட்டதில்லை. ஒரு சனிக்கிழமை இணையமே அறுந்து, பிறகு வந்து, அவள் தொடங்கினாளா இல்லையா என்று தவித்தபோது அவன் வாசலில் நின்றிருந்தது அவளுக்கு மூச்சில் தெரிந்தது.

"நிக்கறியே, வாயத் தொறந்தா என்ன?" என்றாள்.

"நீ கேக்கலயே."

"சரி, கேக்கறேன். என்ன நெறம்?"

"சிவப்பு."

"அப்ப வெளிய போ. உன் மூச்சு மைக்ல விழுது" என்று சொல்லிவிட்டு, நேயர்களுக்குக் காலை வணக்கம் சொன்னாள்.