லோஷினி போட்ட வரம்பு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் லோஷினி வேலை பார்க்கிறாள். சிறு வியாபாரிகளின் வலைத்தளங்களுக்கு இடம் கொடுக்கும் நிறுவனம் அது. சர்வர் என்கிற இயந்திரம் வேறெங்கோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட வலைத்தளங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. கோயில், முறுக்குக் கடை, டியூஷன் சென்டர், கார் பட்டறை என்று எல்லாம் கலந்துகட்டி இருக்கும். அத்தனை பேரும் சண்டையில்லாமல் குடியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவள் பொறுப்பு.

அந்த வேலையை அவள் சொந்த ஊரான ரெங்கத்திலேயே படித்துவிட்டாள் என்று அவளுடைய அண்ணன் கேலி செய்வான். ஏழு பேர் இருந்த வீட்டில் ஒரே குளியலறை. காலையில் யார் எப்போது குளிப்பது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். உள்ளே போனவர் பாட்டுப் பாட ஆரம்பித்தால் வெளியிலிருந்து குழாயை அடைத்துவிடுவாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சர்வரில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதன் சக்தியை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். அதிகமாக இழுத்தவர் செல்லப்பன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிந்தால் திங்கள் காலை படங்களை மொத்தமாக ஏற்றுவார். ஒவ்வொரு படத்தையும் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று அளவில் வெட்டச் சொல்லி அவருடைய வலைத்தளம் சர்வரைப் பிழிந்தெடுக்கும். அந்த நேரத்தில் முறுக்குக் கடையின் பக்கம் திறக்காது. டியூஷன் சென்டரிலிருந்து போன் மேல் போன் வரும்.

லோஷினி யோசித்து ஒரு வழி கண்டாள். ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு மெமரி, இவ்வளவு வேகம், ஒரே சமயத்தில் இத்தனை வேலைதான் என்று வரம்பு போட்டாள். வரம்பைத் தொட்டவர் தன் வீட்டுக்குள்ளேயே காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்த திங்களே செல்லப்பன் படியேறி வந்துவிட்டார்.

“என்னம்மா, என் படம் மட்டும் நத்தை மாதிரி ஏறுது? கல்யாண வீட்டுக்காரங்க விடாம போன் பண்றாங்க லா.”

“அண்ணே, முன்னாடி நீங்க ஏத்துறப்ப மத்தவங்க யாருமே நகர முடியலை. உக்காருங்க, ஒண்ணு காட்டுறேன்.”

படங்களை அவருடைய கணினியிலேயே சின்னதாக வெட்டிவிட்டுப் பிறகு ஏற்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டு போனார். அதன்பின் அவர் படங்கள் முன்பைவிடச் சீக்கிரமாகவே ஏறின. அதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. புகார் மட்டும் நின்றது.

அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் மழை விடாமல் கொட்டியது. ஜொகூரின் வடக்கே சிகாமட்டில் ஆறு கரை தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. அங்கே கிருஷ்ணகுமாரி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, பழைய மாணவர் சங்கத்துக்காக ஒரு வலைத்தளம் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு விருந்துப் படம் போடுவதோடு சரி. அன்று காலை அதில், எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்த மண்டபத்தில் இடம் இருக்கிறது, யாருக்குச் சாப்பாடு வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். மற்றவர்களும் எழுதலாம் என்று திறந்து விட்டார். மத்தியானத்துக்குள் அந்த முகவரி ஜொகூர் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு பக்கம் திறக்கவில்லை. ‘வரம்பு முடிந்தது’ என்ற ஒற்றை வரிதான் வந்தது.

“பிள்ளை, நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ?” என்று கிருஷ்ணகுமாரி தன் யாழ்ப்பாணத் தமிழில் போனில் கேட்டார். “சனம் கேட்டுக்கொண்டே இருக்குது.”

“உங்க மேல தப்பில்லை டீச்சர். நான் போட்ட வரம்புதான் தடுக்குது. கொஞ்சம் டைம் குடுங்க.”

வாசிக்க மட்டும் வருபவர்களுக்காக அந்தப் பக்கத்தை ஆயத்தமாக ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பாதிச் சுமை குறைந்தது. ஆனால் எழுத வருபவர்களின் கூட்டம் இன்னும் வாசலிலேயே நின்றது. டீச்சரின் வரம்பை ஏற்றலாம்தான். ஆனால் மழைக்கு எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்ததால் சர்வரும் அன்று நிரம்பி வழிந்தது. ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும்.

முதலாளி தங்கராஜு அன்று சிங்கப்பூரில் இருந்தார். அவரைக் கூப்பிட்டாள்.

“வேற சர்வருக்கு மாத்த முடியாதா?” என்றார்.

“முடியும் பாஸ். ஆனா நாளைக்கு ஆயிடும். அவங்களுக்கு இப்பவே வேணும். அதிகமா இழுக்கிறவங்ககிட்ட கொஞ்சம் விட்டுக் குடுப்பீங்களான்னு கேட்டுப் பாக்கவா?”

“வெப்சைட்டுக்காரங்ககிட்டயா? கேளு லா. சிரிக்காம இருந்தா சரி.”

கார் பட்டறைக்காரர் அவள் பேசி முடிப்பதற்குள் சம்மதித்துவிட்டார். இன்னும் இரண்டு மூன்று பேரும் சரி என்றார்கள். டியூஷன் சென்டரில் மறுநாள் இணையவழிப் பரீட்சை இருந்தது. முடியாது என்றார்கள். அவர்களை அவள் தொந்தரவு செய்யவில்லை. செல்லப்பனைக் கூப்பிடத்தான் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

“அண்ணே, சிகாமட்ல வெள்ளம். அங்க உள்ள டீச்சர் பக்கத்துக்கு இடம் வேணும். ரெண்டு நாளைக்கு உங்க பங்குல பாதியை விட்டுக் குடுக்க முடியுமா?”

“நேத்துதான் ஒரு கல்யாணம் முடிச்சேன். பாதி படம் கூட ஏறலை,” என்றார்.

“தெரியும் அண்ணே. அதான் கேக்கவே சங்கடமா இருக்கு.”

“பொண்ணும் மாப்பிள்ளையும் ஹனிமூனுக்கு லங்காவித் தீவுல இருக்காங்க. அவங்களுக்குப் படம் பாக்க நேரம் ஏது? பாதி என்ன, முக்கால்வாசியே எடுத்துக்க.”

லோஷினி சிரித்துக்கொண்டே அவர் வரம்பைக் குறைத்தாள். மற்றவர்கள் விட்டுக் கொடுத்ததையும் சேர்த்து டீச்சரின் கணக்குக்கு ஏற்றினாள். திரையில் சர்வரின் சுமையைக் காட்டும் கோடு சரசரவென்று மேலே போனது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கோடு படுத்தது. கைப்பேசியில் முறுக்குக் கடையைத் திறந்து பார்த்தாள். திறந்தது. டீச்சரின் பக்கமும் திறந்தது. கம்பம் எனப்படும் மலாய்க் கிராமம் ஒன்றில் கைக்குழந்தைக்குப் பால்மாவு வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேயே, என்னிடம் லாரி இருக்கிறது, கிளம்பிவிட்டேன் என்று மலாயில் இன்னொருவர் எழுதியிருந்தார். லோஷினி அதைத் திரும்பவும் வாசித்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

தண்ணீர் வடிந்ததும் அவரவர் பங்கை அவரவருக்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொருவருக்கும் போன் செய்து நன்றி சொன்னாள். செல்லப்பன் நன்றியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. “சனிக்கிழமை வேன் சும்மாதான் நிக்குது. அந்த டீச்சர் வீட்டைக் கழுவ ஆள் வேணுமான்னு கேளு,” என்றார்.

சனிக்கிழமை லோஷினியும் செல்லப்பனும் வேனில் சிகாமட் போய்ச் சேர்ந்தபோது, கிருஷ்ணகுமாரி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். “நீ இவ்வளவு சின்னப் பிள்ளையோ? குரலைக் கேட்டு நான் பெரிய ஆளெண்டு நினைச்சன்,” என்று லோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குச் சேறு. செல்லப்பன் தள்ள, லோஷினி தேய்க்க, டீச்சர் நின்ற இடத்திலிருந்தே இருவரையும் அதட்டிக்கொண்டிருந்தார். மாலையில் யாரோ மிளகாய்ச் சம்பல் வைத்த பீகூன் என்கிற அரிசிச் சேமியாப் பொட்டலங்கள் கொண்டுவந்தார்கள். கழுவிய தரை காயட்டும் என்று மூவரும் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

டீச்சர் ஒரு வாய் வைத்துவிட்டு, “சம்பல் காணாது,” என்றார்.

செல்லப்பன் தன் பொட்டலத்தில் இருந்த சம்பலை அப்படியே வழித்து அவருக்கு வைத்தார்.