சலாம் போட்ட தகர மனிதன்

கல்முனைச் சந்தையில் என் புடவைக் கடைக்கு நேர் எதிரே மச்சான் இபுறாகீமின் கடை, அதுவும் புடவைக் கடைதான். பெருநாள் வியாபாரத்துக்கென்று கொழும்பிலிருந்து ஆள் உயர இயந்திர மனிதன் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். சாவி கொடுத்தால் அந்தத் தகர மனிதன் ஓயாமல் சலாம் போடும். சாகாமத்து வண்டிக்காரர் முதல் பாண்டிருப்பு ஆசிரியர் வரை அங்கேதான் குவிந்தார்கள். என் கடையில் ஈயும் நானும். வயிறு எரிந்தது.

பகல் சாப்பாட்டு வேளையில் கூட்டம் கலைந்ததும் மெல்லப் போய், அதன் முதுகுக் கதவைத் திறந்து குனிந்தேன். உள்ளே முறுக்கிய வில்லும் பற்சக்கரங்களும்தான். இவ்வளவுதானா என்று நினைக்கையிலேயே என் கழுத்துச் சால்வை சக்கரத்தில் சிக்கியது. அது சலாம் போடப் போட என் கழுத்து இறுகியது, தகரத்தில் படபடவென்று தட்டினேன்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வந்த மச்சான் கத்தரிக்கோலால் சால்வையை வெட்டி விட்டார்.

“என்ன மச்சான், இஞ்ச என்ன செய்யிறீங்க?”

“சீத்தைத் துணி விலை கேக்க வந்தன்.”

“அதுட முதுகிலயா?”

இப்போதெல்லாம் ஓடுகிற இயந்திரத்துக்குக் கிட்டப் போகுமுன் சால்வையைக் கழற்றி வைக்கிறேன். கடைக்கு யார் வந்தாலும் எழுந்து, பெயர் சொல்லிச் சலாம் சொல்கிறேன். தகரத்துக்குப் பெயர் தெரியாதே. ஆனாலும் கூட்டம் எதிரேதான். வயிறும் எரியத்தான் செய்கிறது; தெருவின் இந்தப் பக்கமே நின்று எரிகிறது.