கரையான் தின்ற பெயர்

தாத்தாவுடைய அப்பாவின் பெயரைத் தேடிச் சங்கரன்கோவில் வந்திருக்கிறேன். தாத்தா பிறந்த வருடத்துப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டதாம். அலுவலக வாசலில் பத்திரம் எழுதும் அண்ணாச்சியிடம் புலம்புகிறேன்.

"ஒங்க தாத்தாவுக்கு மூத்த மகன் யாரு?" என்று கேட்கிறார்.

"பெரியப்பா."

"பொறவென்ன? நம்ம பக்கம் மூத்த பயலுக்கு அவன் தாத்தா பேரைத்தானே வைப்போம்! பெரியப்பா பேரைச் சொல்லுங்க."

பெரியப்பாவோடு வந்த நிலத் தகராறுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை.

"சுடலைமுத்து" என்கிறேன் மெதுவாக.

அண்ணாச்சி எழுதிக்கொண்டே, "இருக்காரா?" என்கிறார்.

"பனவடலிசத்திரத்தில் இருக்கார். பேச்சுவார்த்தை இல்லை."

பேனா நிற்கிறது.

"அவரு பக்கத்துல உசிரோட இருக்காரு. நீங்க கரையான் தின்னதைத் தேடுதீங்க!"